சட்டைப் பையில் ஒரு மன்றாட்டு

செவல்விளையைச் சுற்றிக் காற்றாலைகள் வந்து நின்ற பதினேழாம் வருடம், தவக்காலத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம், அந்தோணியார் குருசடி என்கிற சின்னக் கோயிலில் உபதேசியார் எஸ்தாக்கி மன்றாட்டுப் பெட்டியைத் திறந்து சீட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தபோது, பிலோமினாளின் சீட்டில் அவள் எழுதாத ஒன்று அவளுடைய கையெழுத்திலேயே இருந்தது. அதை உபதேசியார் வாசித்தார், நாங்கள் நூற்றிருபது பேரும் ஒரே குரலில் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொன்னோம், அதற்கப்புறம் இன்னும் இரண்டு சீட்டுகள் வாசித்து முடியும்வரை யாருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

உறைக்காததில் ஆச்சரியமில்லை. எங்கள் ஊரில் மன்றாட்டு வாசிப்பது எப்போதும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததிலிருந்து செவ்வாய் மத்தியானம்வரை யார் வேண்டுமானாலும் தன் கஷ்டத்தை ஒரு தாளில் எழுதி, பெயர் போடாமல், நான்காக மடித்து, அந்தோணியாரின் காலடியிலிருக்கும் தேக்குப் பெட்டியின் வாயில் போட்டுவிடலாம். சாமியார் இல்லாத நாளில் கோயிலைப் பார்த்துக்கொள்கிறவரும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிறவரும், சாவு வீட்டில் முதல் ஜெபம் சொல்கிறவருமான உபதேசியார், செவ்வாய் சாயங்காலம் நவநாள் ஜெபத்துக்கு முன்னால் பெட்டியைத் திறந்து வாசிப்பார். இருபத்திரண்டு வருடமாக எஸ்தாக்கி வாசித்தது ஒரே ராகத்தில். அதில் புற்றுநோய்க்கும் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கும் காணாமல்போன ஆட்டுக்குட்டிக்கும் ஒரே ஏற்ற இறக்கம்தான். தன் சீட்டு வரும்போது மட்டும் அவரவர் நிமிர்ந்து முக்காட்டையோ துண்டையோ சரிசெய்துகொள்வோம், மற்ற நேரமெல்லாம் அடுப்பில் வைத்த குழம்பை நினைத்துக்கொண்டிருப்போம், பதில் தன்பாட்டில் வாயிலிருந்து வந்துவிடும். அந்தச் செவ்வாய்க்கு முந்தியே எத்தனை வாரமாகச் சீட்டுகள் மாறியிருந்தனவோ, யார் கண்டது.

பிலோமினாள் எழுதிப் போட்டது, நாலு வருடமாக எழுதிப் போடுகிற அதேதான்: என் மருமகள் ஜெசிந்தாவின் வயிற்றில் ஒரு புழு பூச்சி உண்டாக வேண்டும். உபதேசியார் வாசித்தது, ஜெசிந்தா வெறும் வயிற்றோடு அவள் அம்மா வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும், என் மகன் பழையபடி என் கையால் வாங்கிச் சாப்பிட வேண்டும். இதைத்தான் நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஆண்டவரிடம் கேட்டருளும் என்றோம். அடுத்ததாக ஒரு ஆட்டுக்குட்டி போயிற்று. அதற்கடுத்தது வயர்மேன் கனிசியுஸ் எழுதியது; அண்ணன் குணமாகட்டும், ஆனால் முன்பு போல எழுந்து நின்று என்னை அதட்டும் அளவுக்கு வேண்டாம் என்றிருந்தது. அதற்கும் கேட்டருளும் என்று சொல்லி முடித்தபோதுதான், பின்வரிசையில் நின்ற ஜெசிந்தா அப்படியே மணலில் உட்கார்ந்தாள், என்ன ஏது என்று நாங்கள் திரும்பிப் பார்த்தோம், வாய் சொல்லி முடித்ததைக் காது அப்போதுதான் போய்ப் பிடித்தது.

உபதேசியார் கையிலிருந்த சீட்டுகளைத் திருப்பிப் பார்த்தார். எல்லாம் அவருக்குத் தெரிந்த கையெழுத்துகள், பாதிப் பேருக்கு அவர்தான் ஞானோபதேச வகுப்பில் எழுதப் பழக்கியவர். அடுத்து வாசிக்க வேண்டியது தினசரி நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதி மடித்த சீட்டு. அது அவருடையது. ஒன்பது வருடமாக ஒரு செவ்வாய் விடாமல் அவர் எழுதிப் போடுவது ஒரே வரி: என் மனைவி பிரகாசி எழுந்து நடக்க வேண்டும். அதை அவர் பிரிக்கவில்லை. மடித்தபடியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பெட்டியைப் பூட்டி, பிரார்த்தனையை ஆரம்பித்துவிட்டார்.

பிரகாசி ஒன்பது வருடத்துக்கு முன்னால் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருக்கும்போதே விழுந்தவள். வலது பக்கம் முழுக்கப் போயிற்று, பேச்சு குழறிப்போயிற்று. அவள் பேசுவது இந்த உலகத்தில் எஸ்தாக்கி ஒருவருக்குத்தான் புரியும், பார்க்க வருகிறவர்களுக்கு அவர்தான் எடுத்துச் சொல்லுவார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவளைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். கஞ்சியைக் கெட்டியாகக் கரைத்து ஸ்பூனில் ஊட்ட வேண்டும், இல்லாவிட்டால் புரையேறும். மற்றதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே மகள் குவைத்தில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கிறாள், ஞாயிறுதோறும் போனில் முகம் காட்டுவாள். அறுபத்து நாலு வயதில் எஸ்தாக்கி உட்கார்ந்த இடத்தில் தூங்குகிற மனிதராகியிருந்தார். ஒரு தடவை ஞானஸ்நானத்தின்போது தீர்த்தச் செம்பைப் பிடித்தபடியே தூங்கி, பிள்ளையைவிட அவர்தான் அதிகம் நனைந்தார். அவரை ஊரே புண்ணியவான் என்று சொல்லும். அந்தப் பேரை அவர் நம்பவும் செய்தார். எழுந்து நடக்க வேண்டும் என்று எழுதிய தாளில், பிரகாசி செத்துப்போக வேண்டும் என்று இருக்குமோ என்பதுதான் அன்று அவரைப் பிடித்துக்கொண்ட பயம்.

அந்த வாரம் ஊர் இரண்டுபட்டது. பிலோமினாள் உபதேசியார் வாசலில் வந்து நின்று, வயதான காலத்தில் இந்தப் போக்கிரித்தனம் எதற்கு என்று கேட்டாள். அவர் சீட்டை எடுத்துக் காட்டினார். கையெழுத்து அவளுடையது, 'ழ'வுக்கு வால் போடும் கோணல்கூட அவளுடையது. அவள் அசரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாலு பெண்களைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, அவர்கள் கண் முன்னால் மறுபடியும் பழையபடியே எழுதி, உரக்க வாசித்துக் காட்டி, மடித்துப் பெட்டியில் போட்டாள். சாவியைச் சாட்சிகளில் ஒருத்தி தாலிச் சங்கிலியில் கோத்து வைத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை அதே நாலு பேர் முன்னிலையில் பெட்டி திறந்தது, சீட்டு பிரிந்தது, அதே வெறும் வயிறு, அதே அம்மா வீடு.

எஸ்தாக்கி வாசித்து முடித்தார். இந்த முறை எல்லோரும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம், அதனால் பதில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. கேட்டருளும் என்று எப்படிச் சொல்வது, சொல்லாமல் எப்படி இருப்பது, ஒரு மன்றாட்டை அந்தரத்தில் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிலோமினாள் முக்காட்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றாள். அப்போது பின்வரிசையிலிருந்து ஜெசிந்தாவின் குரல் வந்தது. கோபமாக இல்லை, பெருந்தன்மையாகவும் இல்லை, பஞ்சாயத்துக் குழாயில் முறைக்கு நின்று அலுத்துப்போனவள் பேசுகிற மாதிரி இருந்தது.

"ஆண்டவரே, இரக்கமாயிரும்."

வேறு வழி தெரியாமல் நாங்களும் அதையே சொன்னோம். அன்றிலிருந்து எங்கள் குருசடியில் செவ்வாய்க்கிழமைப் பதில் மாறிவிட்டது. அதை யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை.

பங்குச் சாமியார் பெலிக்ஸ் மாதாகுளத்திலிருந்து பைக்கில் வருகிறவர், முப்பத்தெட்டு வயது, எதையும் ஒரு தடவை சோதித்துப் பார்க்காமல் நம்பமாட்டார். பெட்டியைத் தன் அறைக்கே தூக்கிக்கொண்டு போனார், புதுப் பூட்டுப் போட்டார், கடைசியில் தானே ஒரு சீட்டு எழுதிப் போட்டார், இந்தப் பங்கு மக்கள் விசுவாசத்தில் வளர வேண்டும் என்று. செவ்வாய்க்கிழமை அதைப் பிரித்த எஸ்தாக்கி தயங்கி நிமிர்ந்து பார்த்தார். சாமியார் வெளிறிய முகத்தோடு வாசிங்க என்று சைகை காட்டினார். யாராவது ஒருவர் என்னோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று அதில் இருந்தது. இரக்கமாயிரும் என்று சொல்லும்போது எங்களுக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது, ஏனென்றால் ஆறு வருடமாக அவருக்கு டிபன் கேரியரில் சாப்பாடு அனுப்பிக்கொண்டிருந்தோமே தவிர, ஒரு நாளும் யாரும் அவரோடு உட்கார்ந்ததில்லை. அதன்பின் அவர் பெட்டியைப் பற்றி ஆயர் இல்லத்துக்குக் கடிதம் எழுதுகிற பேச்சை விட்டுவிட்டார்.

ஊர் என்னென்னவோ செய்து பார்த்தது. பென்சிலால் எழுதிப் பார்த்தோம், அச்சடித்த ஜெபத்தை ஒட்டிப் போட்டோம், வெறுந்தாளை மடித்துப் போட்டோம். வெறுந்தாளில்தான் அதிகமாக எழுதியிருந்தது. எழுதத் தெரிந்தவரை வைத்து எழுதிக்கொண்டால் தப்பிக்கலாம் என்று பதினோரு பேர் பள்ளிக்கூடத்து வாத்தியார் கஸ்பாரிடம் போய் எழுதி வாங்கினார்கள். பதினொன்றும் வாத்தியாரின் அழகான கையெழுத்தில் ஒரே மாதிரி மாறியிருந்தன: இந்த ஊரைவிட்டு எனக்கு எப்படியாவது மாற்றல் கிடைக்க வேண்டும். பதினோரு முறை அதை வாசிக்கக் கேட்டு, பதினோரு முறை அவருக்காக இரக்கமாயிரும் சொன்னோம். எழுதிய கை யாருடையதோ மனசும் அவருடையதுதான் என்று அப்போது தெரிந்துகொண்டோம். அந்தோணியாருக்கு இது புதிதில்லை, தொலைந்ததைத் தேடிக் கொடுப்பதுதான் அவர் வேலை, நாம் தொலைத்ததைத்தான் கொடுக்கிறார் என்று கனிசியுஸ் சொன்னான்.

என் சீட்டையும் சொல்லிவிடுகிறேன். செத்துப்போன என் அப்பாவின் ஆத்துமம் இளைப்பாற வேண்டும் என்று எழுதினேன். அப்பாவுக்காக அழுகிற நல்ல மகன் என்று ஊர் என்னைச் சொல்ல வேண்டும் என்று வந்தது. வீட்டுக்குப் போய் அன்று சாப்பிடவில்லை, மறுநாளும் சரியாகச் சாப்பிடவில்லை, மூன்றாம் நாள் அப்பாவை நினைத்து அழுகை வந்தது, அப்போது பக்கத்தில் யாரும் இல்லை.

வைகாசியில் காற்றாலைகள் சுற்ற ஆரம்பித்தபோது அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். பெண் கொடுக்கப் போகிறவர்கள் மாப்பிள்ளையை ஒரு வரி எழுதச் சொல்லிக் கொண்டுவந்து போட்டார்கள், கூட்டுக்குடும்பத்துச் சகோதரர்கள் ஒன்றாக வந்து தனித்தனியாகத் திரும்பிப் போனார்கள். எல்லாம் ஆடி மாதத்தோடு நின்றுவிட்டது. ஆசைப்பட்டு வருகிறவர்கள் ஒரு தடவைதான் வருவார்கள். தன்னைப் பற்றி ஒரு வரி தெரிந்துகொண்டவனுக்கு இரண்டாவது வரி வேண்டியிருப்பதில்லை. எங்களில்கூடப் பாதிப் பேர் செவ்வாய்க்கிழமை வருவதை நிறுத்தி, மாதாகுளத்துப் பெரிய கோயிலில் சாதாரணப் பெட்டியில் போட ஆரம்பித்தார்கள். மிஞ்சினது ஐம்பது அறுபது பேர். நாங்கள் ஒன்றும் நல்லவர்கள் ஆகிவிடவில்லை, ஒருவருக்கொருவர் நடித்துக் காட்டத் தெம்பில்லாமல் போயிற்று, அவ்வளவுதான். பிலோமினாள் ஒரு நாள் ஜெசிந்தாவிடம், இன்றைக்கும் அதே எண்ணம்தான்டி வருகிறது என்று சொல்லிவிட்டு அவளுக்குத் தலை பின்னிவிட்டாள். பாவசங்கீர்த்தனத்துக்கு முன்பெல்லாம் அதே பழைய பாவங்களை ஒப்பிப்போம். இப்போது நாங்கள் முழங்காலில் நின்று வெகுநேரம் பேசாமலிருந்தோம், சாமியாரும் அவசரப்படுத்தவில்லை.

எஸ்தாக்கி மட்டும் எழுதிப் போடுவதை நிறுத்தியிருந்தார். வாரந்தோறும் எல்லோருடைய அழுக்கையும் ராகத்தோடு வாசித்தார், ஆனால் அன்று பையில் போட்ட சீட்டைப் பிரிக்கவுமில்லை, கிழித்துப்போடவுமில்லை. சட்டை மாற்றும்போதெல்லாம் அது பை மாறும். ஒரு தடவை துவைக்கப் போட்ட சட்டையிலிருந்து பாதி நனைந்த பிறகு எடுத்து வெயிலில் காயவைத்தார், மடிப்புக் கலையாமல். அது பையில் இருக்கும்வரை அதில் எழுந்து நடக்க வேண்டும் என்றும் இருக்கலாம் அல்லவா. பிரகாசியைப் பார்க்க வருகிறவர்கள், அவள் கண்ணெதிரே, அவளுக்குக் காதும் போய்விட்டது போல, ஆண்டவர் சீக்கிரமா ஒரு நல்ல வழி காட்டணும் உபதேசியாரே, எத்தன நாளைக்கு இந்தப் பாடு என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவர் தலையாட்டுவார். அவளுக்கும் அதுதான் வேண்டியிருக்கும் என்று அவர் நினைத்தார், நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். சாமியார் ஒரு நாள் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நீங்க ஏன் இப்பல்லாம் எழுதுறதில்ல என்று கேட்டதற்கு, கேக்க ஒண்ணுமில்ல சாமி, களைச்சுப் போச்சு என்று மட்டும் சொன்னார்.

புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை பெட்டிக்குள் அவருக்குத் தெரியாத கையெழுத்து ஒன்று இருந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதினது போலப் பெரிது பெரிதான எழுத்துகள், வரி சரிந்து தாளின் அடியில் போய் முட்டியிருந்தது. வெளியூர்க்காரர் யாரோ என்று நினைத்து, வழக்கமான ராகத்தில் எடுத்தார்.

"நான் இன்னும் கொஞ்ச நாள் இருக்க வேண்டும். இப்படியே கிடந்தாலும் சரி. அவியளுக்குப் பாடுதான், தெரியும். தெரிஞ்சுதான் கேட்கிறேன்."

கடைசி வரியில் அவர் ராகம் அறுந்துவிட்டது. இரக்கமாயிரும் என்று நாங்கள் சொன்னது அவர் காதில் விழுந்ததா தெரியாது. பக்கத்து வீட்டு ரீத்தா முன்னால் வந்து, பிரகாசியக்கா இடது கையால் எழுதிப் பழகி ஒரு மாதமாகிறது, நான்தான் பலகையைப் பிடித்துக்கொண்டேன், நான்தான் கொண்டுவந்து போட்டேன் என்று மெதுவாகச் சொன்னாள்.

வீட்டுக்குப் போனதும் அவர் பிரகாசியிடம், நீ என்ன எழுதினாய் என்று கேட்டார். அவள் சொன்னாள். சொல்லுக்குச் சொல் அதேதான். இத்தனை மாதத்தில் பெட்டிக்குள் போனது போனபடி வெளியே வந்த சீட்டு அது ஒன்றுதான், அதைக் கேள்விப்பட்ட சாமியார், நான் படித்த படிப்பில் இது இல்லை என்றார். எஸ்தாக்கிக்கு அது பெருமையாக இல்லை. சாக வேண்டும் என்று அவளும் கேட்டிருந்தால் தன் சீட்டு வெறும் சீட்டாகப் போயிருக்கும். இப்போது ஒருத்தி இருக்க வேண்டும் என்கிறாள், ஒருவன் அவள் போக வேண்டும் என்கிறான், இருவரும் ஒரே வீட்டில் ஒரே கிண்ணத்துக் கஞ்சியைக் கையில் வைத்திருக்கிறார்கள். அந்த வாரம் அவர் அவள் முகத்தைப் பார்க்காமலே ஊட்டினார்.

திங்கட்கிழமை மத்தியானம் அவளைப் புரட்டுவதற்காக அவர் குனிந்து, தோளுக்கடியில் கைகொடுத்துத் தூக்கியபோது, அவள் வாய் அவர் காதருகே வந்தது.

"உங்க சட்டப் பையில ஒரு கடுதாசி கெடக்கே, அத எப்ப வாசிக்கப் போறிய?"

பாதி தூக்கினபடி அவள் கனம் முழுக்க அவர் கைகளில் இருந்தது.

"எது?"

"ஒவ்வொரு தடவ தூக்கும்போதும் என் காதுல உரசுது. தவசு காலத்துல இருந்து உரசுது. எனக்கு ஒரு பக்கந்தான செத்திருக்கு, காது நல்லாத்தான இருக்கு."

"அதுல என்ன இருக்குன்னு ஒனக்குத் தெரியுமா?"

"ஒம்பது வருசமாத் தெரியும். உங்க கை சொல்லும். சில நாளு மெதுவாப் போடுவிய, சில நாளு தொப்புன்னு போடுவிய. நாளைக்கி என்னையும் கூட்டிட்டுப் போங்க."

அவர் அவளை மெதுவாகப் படுக்கவைத்தார். பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, வெகுநாளைக்கு அப்புறம் தூக்கம் வராமல் இருந்தார்.

மறுநாள் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, விழாமலிருக்க ஒரு துண்டால் மார்போடு கட்டி, செம்மண் பாதையில் அவரே தள்ளிக்கொண்டு வந்தார். ஒன்பது வருடத்தில் அவள் குருசடிக்கு வந்தது அன்றுதான். பிலோமினாளும் ஜெசிந்தாவும் ஆளுக்கொரு சக்கரத்தைப் பிடித்து மணலிலிருந்து தூக்கி முன்வரிசையில் விட்டார்கள். பெட்டியிலிருந்த எல்லாச் சீட்டையும் வாசித்து முடித்துவிட்டு, எஸ்தாக்கி தன் சட்டைப் பைக்குள் கைவிட்டு, மடிப்புகளில் நைந்துபோன அந்த நாள்காட்டித் தாளை எடுத்தார், தவக்காலத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமைத் தேதி போட்ட தாள். அவர் இன்னொரு தடவை பெட்டியைத் திறந்து பார்ப்பதுபோல் பாவனை செய்ததைப் பார்த்தேன். பயந்த மனிதன் செய்கிற காரியம். அதற்கப்புறம் பிரித்தார்.

"பிரகாசி சீக்கிரம் போய்ச் சேர வேண்டும். நான் ஒரு ராத்திரியாவது முழுசாகத் தூங்க வேண்டும்."

ராகமில்லாமல் வாசித்தார். நாங்கள் எத்தனையோ கேட்டவர்கள், பிலோமினாளைக் கேட்டவர்கள், எங்களையே கேட்டவர்கள், ஆனாலும் எங்களால் உடனே வாய் திறக்க முடியவில்லை, ஏனென்றால் ஊருக்கு ஒரு புண்ணியவானாவது மிச்சமிருக்கட்டும் என்று எங்களுக்கே தெரியாமல் நாங்கள் ஆசைப்பட்டிருந்தோம். அவர் தாளைப் பிடித்தபடி தலை குனிந்து நின்றார். அப்போது நாற்காலியிலிருந்து பிரகாசி ஏதோ சொன்னாள். கோணிய வாயிலிருந்து உருத்தெரியாமல் ஒரு நீண்ட சத்தம் வந்தது, முடிந்தது, மறுபடியும் வந்தது. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒன்பது வருடப் பழக்கத்தில் நாங்கள் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தோம், என்ன சொல்கிறாள் என்று அவர்தானே சொல்ல வேண்டும்.

அவர் தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஆண்டவரே இரக்கமாயிரும்னு சொல்லுதா" என்றார்.

நாங்களும் சொன்னோம். சாமியார் பெலிக்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அதனால் ஒன்றும் மாறவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். மறுநாளும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்ட வேண்டியிருந்தது, மறுநாளும் கஞ்சி கரைக்க வேண்டியிருந்தது. ரீத்தாவும் ஜெசிந்தாவும் ஆளுக்கு இரண்டு ராத்திரி வந்து படுத்துக்கொள்ள ஆரம்பித்ததால் அவர் கொஞ்சம் தூங்கினார். தூக்கும்போது காதில் உரச ஒன்றுமில்லை என்று பிரகாசி சொன்னாளாம். எனக்கு அவர்தான் சொன்னார், சொல்லும்போது சிரிக்கவும் செய்தார்.

ஐப்பசியில் காற்று ஓய்ந்து காற்றாலைகள் நின்றன. எட்டு மாதத்துக்கு அப்புறம் எஸ்தாக்கி நாள்காட்டித் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில், இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்ற தைரியத்தில், தனக்குத் தெரிந்த உண்மையைப் பிரகாசியின் பக்கத்தில் உட்கார்ந்தே எழுதினார்: பிரகாசி போய்ச் சேரட்டும், எனக்குக் களைத்துவிட்டது, எங்கள் இரண்டு பேர்மேலும் இரக்கமாயிரும். அவளுக்கு வாசித்துக் காட்டினார். சரியாத்தான் எழுதியிருக்கிய என்றாள் அவள். மடித்துப் பெட்டியில் போட்டார். இந்தத் தடவை தன்னுடையதும் போனது போனபடி வரும் என்று அவர் நம்பினார், அதை எங்களிடம் சொல்லவும் செய்தார், அதில் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவள் முன்வரிசையில் நாற்காலியில் இருந்தாள். அவர் தன் சீட்டை எடுத்தார், பிரித்தார், பிரித்தவர் வாசிக்காமல் நின்றார். மூட்டையை இறக்கிவைத்துவிட்டு நிமிரும்போது இன்னொரு மூட்டையைக் காட்டினால் ஒருவன் முகம் எப்படி ஆகும், அப்படி ஆயிற்று அவர் முகம். தாள் அதேதான், தேதி அதேதான், கையெழுத்து அவருடையதேதான்.

"பிரகாசி இன்னும் கொஞ்ச நாள் இருக்க வேண்டும்."

நாங்கள் பதில் சொன்னோம். அவர் தாளைக் கண்ணுக்கருகே கொண்டுபோனார், தூரப் பிடித்தார், தன் கண்ணை நம்பாமல் மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். நாங்களும் மறுபடியும் பதில் சொன்னோம்.